டிக்கிப் பக்கத்து இழுப்பு

பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்து அரை மணி நேரமாகியும், பழைய காரின் டாஷ்போர்டில் சார்ஜ் விளக்கு சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கு எங்கிருந்துடா கரண்ட் வருது?" என்று எரிச்சலோடு அதைத் தட்டினான் தம்பிக்காரன். அணைந்தது.

மூன்று நாளாக இதே கூத்து. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைத் தூக்கிவிட்டு, அதனிடத்தில் புது ஆல்டர்னேட்டர் மாட்டினால் பெல்ட் நேராக நிற்கவில்லை. அதைச் சரிசெய்தால், கூடுதல் கரண்டைத் தாங்கப் பழைய வயர்களுக்குத் தெம்பில்லை. துணி சுற்றிய வயர்கள், எல்லாம் ஒரே அழுக்கு நிறம். ஒன்றைத் தொட்டால் ஒன்பது உதிர்ந்தது. ஷெட் முழுக்கக் கிரீஸ் வாடை, வெயிலில் தகரக்கூரை முறுகும் சத்தம், எல்லாவற்றுக்கும் அடியில் எத்தனை கழுவியும் போகாத கருகல் வாடை.

வண்டி அண்ணனுடையது. போன வருடம் அவர் டிக்கிக்குள் குனிந்து வயர் இழுத்தபோதுதான் பொறி பறந்து, கசிந்திருந்த பெட்ரோல் பற்றிக்கொண்டது. பின்பக்கம் மட்டும்தான் எரிந்தது. அண்ணன் பிழைக்கவில்லை. "பேட்டரியைக் கழட்டிட்டியாடா?" என்று அவர் கேட்டதும், கழற்றாமலே "கழட்டிட்டேண்ணே" என்று இவன் சொன்னதும் வேறு யாருக்கும் தெரியாது.

அண்ணி டீயோடு வந்தாள்.

"என்ன தம்பி, வயர் மாத்துறீங்களா, தறி நெய்யிறீங்களா?"

"ஒண்ணைச் சரிபண்ணா இன்னொண்ணு கெடுது அண்ணி."

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். சாயங்காலம் குடுத்துடுங்க, நானே ஓட்டிக்கிட்டுப் போறேன்." சிரித்தவள், டிக்கிப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. "அன்னிக்கு எப்படித்தான் பொறி வந்துச்சோ. கேக்காம கை வைக்க மாட்டாரே அவரு."

டீ நாக்கைச் சுட்டது. வண்டி இன்று போய்விட்டால் அந்தக் கேள்வியும் அதோடு போய்விடும். போக வேண்டும்.

ஒரே ஒரு வயர்தான் பாக்கி. பழைய வயரின் நுனியில் புதியதை முடிந்து, டிக்கியிலிருந்து இழுத்தால், பழையது வெளியே வரும், புதியது அதே தடத்தில் உள்ளே போகும். இருவர் செய்யும் வேலை. அண்ணன் தம்பிக்குள் அதற்குப் பேச்சே கிடையாது. பின்னாலிருந்து இரண்டு சுண்டு: தயாரா? முன்னாலிருந்து இரண்டு சுண்டு: இழு. இப்போது இவன் ஒருவனே முன்னும் பின்னும் ஓட வேண்டும். சலித்துக்கொண்டே டாஷ்போர்டுக்குக் கீழே படுத்தான். வியர்வையில் வழுக்கிய வயரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, முடிச்சை இறுக்கினான்.

வயர் சுண்டியது. இரண்டு முறை.

கைப் பழக்கம் பாருங்கள். யோசிப்பதற்குள் விரல்கள் பதிலுக்குச் சுண்டிவிட்டன. இரண்டு முறை.

வயர் உள்ளே போகத் தொடங்கியது. நிதானமாக. வேலை தெரிந்த கை.

டிக்கி பூட்டியிருந்தது. சாவி இவன் சட்டைப்பையில்.

மணிக்கட்டில் இறுகியது. கட்டிங் பிளையர் மேசைமேல். எட்டவில்லை. வயர் உள்ளே போகும் ஓட்டைவரை கை போய் முட்டியது. கருகல் வாடை. சிவப்பு விளக்கு.

பின்னால் டிக்கிக்குள்ளிருந்து குரல், புகையில் தொண்டை கட்டியதுபோல.

"பேட்டரியைக் கழட்டிட்டியாடா?"

டம்ளர் எடுக்க வந்த அண்ணி வாசலிலேயே நின்றாள். முதல்முறையாக டிக்கியைப் பார்த்தாள். பிறகு இவனை.

"கேக்குறாருல்ல தம்பி. சொல்லுங்க."

வயர் மறுபடி சுண்டியது. இரண்டு முறை.