மூன்று தட்டு

என் மச்சானுக்கு அவனே வைத்துக்கொண்ட பெயர் புலி. செல்போன் கடை வைத்து மூடி, கோழி வளர்த்து அதையும் மூடி, கடைசியில் என் பட்டறையில் வந்து ஒட்டிக்கொண்ட புலி. நான் மான் கொம்பில் கத்திப்பிடி செய்கிறவன். குளிர் முடிகிற சமயத்தில் ஆண்மான்கள் கொம்பை உதிர்த்துவிட்டுப் போய்விடும். கீழே கிடப்பதைக் குனிந்து பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். இதை வேட்டை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

என் மனைவிக்கு அவன் தம்பி மட்டுமல்ல. அம்மா இல்லாத வீட்டில் அவள் சோறூட்டி வளர்த்த பிள்ளை. அன்று காலை நாங்கள் கொம்பு பொறுக்கக் கிளம்பியபோது வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அவன் இல்லாம இந்த வீட்டுப் படி ஏறாதீங்க, சொல்லிட்டேன்.”

“உன் தம்பிய யாரு தூக்கிட்டுப் போவா? தூக்கினவனே தாங்க முடியாம கொண்டாந்து விட்டுருவான்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

நாங்கள் கொம்பு பொறுக்கப் போகும் தோட்டம் யாரோ பணக்காரர்களுடையது. வருடத்துக்கு ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர்கள், ‘உள்ளே வராதே’ என்று பலகை மட்டும் மறக்காமல் வைத்திருந்தார்கள். மதில் பின்பக்கம் இடிந்து கிடந்தது. உள்ளே ஒரு கிழட்டுக் காவல்காரன் இருந்தான். கோடையிலும் கழற்றாத கம்பளிக் கோட்டு, தலையை மூடும் தொப்பியோடு சேர்த்துத் தைத்தது. எங்களைக் கண்டால் குச்சியை ஓங்கிக்கொண்டு ஓடிவருவான், பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். போன மாதம் தன் குடிசையிலேயே செத்துப்போனான். நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தார்களாம். முதலாளிகள் புது ஆள் வைக்கவில்லை.

அத்துமீறி நுழைந்த இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. போனையும் அணைத்துவிடுவோம். ஆளுக்கு இரண்டு கொம்புத் துண்டு வைத்திருப்போம், ஒன்றோடொன்று தட்டுவோம். இரண்டு தட்டு என்றால் இங்கே இருக்கிறேன். மூன்று தட்டு என்றால் வா. கிழவன் காதில் விழுந்தாலும் மான்கள் முட்டிக்கொள்கின்றன என்று நினைத்துக்கொள்வான். அவனுக்கு அவ்வளவுதான் மூளை என்று நினைத்திருந்தோம்.

அன்று காலையிலேயே பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் மரம் எது, மனிதன் எது என்று தெரியாது. குடிசையைக் கடந்தபோது கதவு திறந்தே இருந்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஆணியில் அந்தக் கோட்டு. ஈரக் கம்பளியின் நாற்றம் வெளியே வரை வந்தது.

புலிக்கு வீரம் வந்துவிட்டது. கதவின் முன் விறைப்பாக நின்று சலாம் வைத்தான்.

“ஐயா, உள்ள போலாமா? குச்சிய எங்க வெச்சீங்க?”

“வாடா, வேலையப் பாரு.”

“இரு மாமா, கூப்பிட்டுப் பாப்போம். சம்பளம் இல்லாம வருவாரான்னு.”

கதவருகே கொம்புகளைத் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று.

நானும் சிரித்தேன். அதுவும் சொல்லிவிட வேண்டியதுதான்.

பிறகு பிரிந்தோம். நான் சரிவில் இறங்கினேன். இலைச்சருகு அழுகிய வாசனை. நல்ல கொம்புகள் இரண்டு கிடைத்தன. மேட்டில் இரண்டு தட்டு கேட்டது. நானும் இரண்டு தட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு வலப்புறம் இரண்டு தட்டு.

உடனே மேட்டிலும் இரண்டு தட்டு.

எதிரொலி என்று நினைத்தேன். பனியில் எதிரொலி வருமா என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. போதும், கிளம்பலாம் என்று மூன்று தட்டினேன்.

வலப்புறச் சருகுகள் நொறுங்கின.

அவன் வந்தான். தலை குனிந்திருந்தது. தொப்பியை முகம் மறையும்படி இழுத்து விட்டிருந்தான். உடம்பில் அந்தக் கம்பளிக் கோட்டு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

“செத்தவன் ஆணியில தொங்குறதக்கூட விட மாட்டியாடா? ஈனப்பய!”

தலை இன்னும் குனிந்தது. சரி, மாட்டிக்கொண்டதில் வெட்கம் என்று எண்ணினேன். வேனில் பின்னால் மூட்டைகளோடு போய் உட்கார்ந்தான். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். வாய் ஓயாத பயல் ஒரு வார்த்தை பேசவில்லை. புலிக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷம்.

வீட்டுப் படியில் அவனை முன்னால் ஏறவிட்டேன்.

“இந்தா, உன் சீமந்த புத்திரன். எண்ணிப் பாத்துக்க, ஒண்ணும் குறையல” என்றேன் மனைவியிடம்.

அவன் நேரே போய்ச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் அடுப்பில் இருந்ததைச் சூடாக்கப் போனாள்.

“என்னங்க இப்படி நாறுது? டேய், அந்தக் கருமத்தக் கழட்டுடா முதல்ல.”

அவளுடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் தம்பியின் படம்.

“உள்ள உக்காந்துகிட்டு எனக்கே போன் பண்றான் பாருங்க” என்று சிரித்தபடி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா...”

அழுதுகொண்டிருந்தான்.

“அக்கா, மாமா என்ன விட்டுட்டுப் போயிட்டாரு போல. ஒண்ணும் தெரியல. இவ்வளவு நேரமா தட்டுறேன், பதிலே இல்ல. மதில் எந்தப் பக்கம்னே தெரியல அக்கா.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

கோட்டுக்குள்ளிருந்து இரண்டு கைகள் மேலே வந்தன. கைக்கொரு கொம்பு.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

மேசையில் கேட்ட அதே நொடியில் போனுக்குள்ளும் கேட்டது.

“இதோ, மாமா கூப்பிடுறாரு!” அவன் குரலில் அப்படி ஒரு நிம்மதி. “வெச்சிடுறேன்க்கா. வந்துடுறேன்.”

“போகாதடா! நான் இங்க இருக்கேன்டா!” என்று கத்தினேன். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

நாற்காலி காலியாக இருந்தது. உட்காருமிடம் நனைந்திருந்தது.

போலீஸ் தேடியது, நாய்கள் தேடின. அவனுடைய போன் குடிசைக் கட்டிலில் கிடைத்தது. கோட்டு வழக்கம்போல் ஆணியில் தொங்கியதாம். என் மனைவி அதன் பிறகு என்னிடம் பேசுவதில்லை. நான் படி ஏறும்போது மட்டும் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறாள். நான் இத்தனை நாள் கேலி செய்த அந்த ஒன்றுக்கும் உதவாத பயல் எனக்கு இப்போது வேண்டும். அவன் பேசிக் கொன்றாலும் பரவாயில்லை.

பட்டறையில் ரம்பத்தை நிறுத்தினால் கொம்பு மூட்டையிலிருந்து இரண்டு தட்டு கேட்கிறது. இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். யார் என்று தெரியவில்லை. அவனாக இருந்தால் நான் மூன்று தட்டிக் கூப்பிட வேண்டும்; கிழவனாக இருந்தால் கூடாது.

கையில் இரண்டு கொம்போடு தினமும் அந்த மூட்டை முன்னால் நிற்கிறேன்.