இரண்டாவது குழாய்

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ப்ரோப் அதன் தாங்கியில்தான் இருந்தது. ஆனாலும் ஸ்கேன் கருவியிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது: தூரத்தில் யாரோ ஈரத்துணியை அலசுவதுபோல, உஷ், உஷ் என்று, தொப்புள்கொடியில் ரத்தம் ஓடும்போது, இங்கே ஸ்கேன் எடுக்கும் அவள் தினமும் கேட்கும் சத்தம்.

மத்தியானம்தான். ஆனால் ஸ்கேன் அறைக்குப் பகல் கிடையாது. ஏசியின் குளிரில் ஜெல்லின் மருந்து வாசனை உறைந்து நின்றது. ஒலியைக் குறைத்துப் பார்த்தாள். சத்தம் குறையவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி வந்தாள். குழந்தையைப் புதைத்தபின் இன்றுதான் வீட்டைவிட்டு வெளியே வருகிறாள்.

"கொடியில ஏதோ கோளாறுன்னு சொல்றாங்க. நீ பாத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி."

ஐந்தாம் மாதத்தில் இதே கட்டிலில், "நாத்தனாரே, உங்க அண்ணன் மூக்கு மட்டும் வேணாம்னு உள்ள சொல்லிடு. பசிக்குது, சீக்கிரம் விடு" என்று அண்ணி சிரித்ததில் படம் கலைந்தது. கொடியின் இரண்டு தமனிகளும் குழந்தையின் சிறுநீர்ப்பைக்கு இருபுறமும் சிவப்புக் கோடுகளாகத் தெரிய வேண்டும். ஒன்று தெரிந்தது. குழந்தை புரண்டது. மறுபடி ஒன்று தெரிந்தது. அதே குழாயைத்தான் திரும்ப எண்ணுகிறோமோ என்று கை ஒரு கணம் தயங்கியது. அவளுக்கும் பசித்தது. "ரெண்டும் இருக்கு" என்றாள். ஒன்றுதான் என்று சொல்லியிருந்தால் அடிக்கடி வரவழைத்துப் பார்த்திருப்பார்கள். ரத்தம் குறையும்போதே தெரிந்திருக்கும். குழந்தையை முன்னதாகவே எடுத்திருப்பார்கள்.

அண்ணி கட்டிலில் படுத்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

"வீட்லயும் இதே சத்தம்தான். உனக்குக் கேக்குதா?"

"இல்ல அண்ணி."

உஷ். உஷ்.

இடைவெளி.

உஷ்.

அவள் மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உடல். ஒரு பக்கம் சிவப்புக் கோடு.

சத்தம் நின்றது.

உடல் மெல்லப் புரண்டு மறுபக்கத்தைக் காட்டியது. கறுப்பு. மறுபடி புரண்டது. அதே கோடு. மறுபடி புரண்டது. கறுப்பு.

"ரெண்டும் இருக்குல்ல?" என்றாள் அண்ணி, கண்ணைத் திறக்காமல்.



திரையில் முகம் திரும்பியது. நெருங்கியது. கண்ணாடியின் உட்புறம் அண்ணனுடைய மூக்கு தட்டையாக அழுந்தியது. அதன் கீழே, மெல்ல, கண்ணாடி பனித்தது.