கழுவித் தந்த மாதுளைத் தோல்

மழையில் நனைந்தபடி, பழச்சாற்றுக் கடையின் பின்புறக் குப்பைக்கூடையை ஒரு பெண் துழாவிக்கொண்டிருந்தாள். பசியோ என்று இரங்கிய கடைக்காரன் ஒரு குவளைச் சாற்றை நீட்டினான். அவள் நிமிர்ந்தாள்... இமைகளில் மழைத்துளிகள், அவற்றின் கீழே கொதிக்கும் இரு விழிகள்.

“சாறு வேண்டாம். தோல் போதும்.”

அவள் நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி. மாதுளைத் தோலிலிருந்து பிரித்தெடுக்கும் சத்து பாக்டீரியாக்களைக் கொல்கிறதா என்பதே அவளது ஆய்வு. மறுநாள் முதல் அவளுக்கென ஒரு பை தனியே காத்திருந்தது. அதை வாங்கும்போது விரல்கள் உரசிவிடாதபடி இருவரும் மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டனர்... அந்தக் கவனமே இருவரையும் காட்டிக்கொடுத்தது.

மூன்று மாதங்களாகச் சோதனைத் தட்டில், தோல்சத்தில் தோய்த்த காகித வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா அண்டாத வட்டம் இருபத்தாறு மில்லிமீட்டர் விரிந்தது. பேராசிரியை நம்பவில்லை, வேறு கடைத் தோலில் செய்து பார்க்கச் சொன்னார். வட்டம் அதில் பாதிகூட வரவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க ஆறு வாரங்களே இருந்தன.

காரணம் தேடிக் கடைக்கு வந்தவளிடம், கல்லாவில் இருந்த அவனுடைய அக்கா அலுத்துக்கொண்டாள்.

“இவன் இந்தக் கடையில ஒரு டம்ளர் கழுவினதில்லம்மா. உன் தோலை மட்டும் தினமும் கிருமிநாசினியில ஊறவெச்சு, தொடச்சு வைக்கிறான்.”

அவள் மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். “ஊறவெச்சீங்களா?”

“நீங்க கையால தொடுற பொருள்... அழுக்கா குடுக்க மனசு வரல.”

“அப்போ மூணு மாசமா உங்க கிருமிநாசினியைத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன். குப்பைதானே கேட்டேன்? அதைக் குப்பையாவே குடுக்க முடியாதா?”

அவன் முகம் சுருங்கிவிட்டது.

அவன் கடைத் தோலிலேயே, கழுவாமல், எல்லாவற்றையும் மீண்டும் செய்யவேண்டும் என்பது பேராசிரியையின் ஆணை. பை தவறாமல் இருந்தது, அவன் இல்லை. அவள் வரும் நேரம் பார்த்துச் சந்தைக்குப் போய்விடுவான். பையில் சீட்டு மட்டும்: ‘எட்டு மணிக்கு உரித்தது. கழுவவில்லை. நான் தொடவும் இல்லை, அக்காதான் உரித்தாள்.’ அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். மன்னிப்புக் கேட்கத் தன்மானம் இடங்கொடுக்கவில்லை. சீட்டுகளை எறியவும் மனம் வரவில்லை...

ஆறாவது வாரம், ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து அவனைப் பிடித்தாள்.

“பதினொண்ணு வந்திருக்கு.”

“முன்னாடி இருபத்தாறுன்னு சொன்னீங்க இல்ல? கொறஞ்சுபோச்சே...”

“கொறஞ்சது உங்க மருந்து. இது பழத்தோடது. மேடம் ஒத்துக்கிட்டாங்க.” சற்றுத் தயங்கினாள். “அன்னைக்கு நான் பேசினது அதிகம்.”

“பரவால்ல. நாளைக்கும் பை எடுத்து வைக்கிறேன்.”

“வேண்டாம். வேலை முடிஞ்சிடுச்சு.”

“சரி” என்று தரையைப் பார்த்தான். சரியாம்... இவனை என்ன செய்வது?

“தோல்தான் வேண்டாம்னேன். நான் வருவேன்.”

“எதுக்கு?”

அவள் கண்களை ஒருமுறை மூடித் திறந்தாள். “எல்லாத்தையும் வாய்விட்டுச் சொன்னாத்தான் விளங்குமா உங்களுக்கு? உங்களைப் பார்க்க. உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவன் கை தானாகவே போய் மிக்சியைப் போட்டது. உள்ளே ஒரு பழமும் இல்லை. வெறும் சாடி இரைந்துகொண்டேயிருக்க, அவன் அவளையே பார்த்து நின்றான்... அவள் பெருமூச்சுவிட்டு, கல்லாவைத் தாண்டி உள்ளே வந்து அதை அணைத்தாள்.