இன்னொரு மூச்சு

அவள் கண் விழித்தபோது பக்கத்துத் தலையணை சூடாக இருந்தது. கணவன் கடையைத் திறக்கப் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

பகல் பதினொன்று. கெட்டித் திரைச்சீலையின் ஓரத்தில் வெயில் நூலாகக் கசிந்தது. தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம், குளியலறைக் குழாயின் சொட்டு, கையை எத்தனை முறை கழுவியும் போகாத மருத்துவமனை வாடை, எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் நெஞ்சு மட்டும் தறிகெட்டு அடித்தது. மூச்சு பாதியில் நின்று, இதோ செத்தேன் என்று உடம்பெல்லாம் வியர்த்தது. நான்கு வாரமாக இதே கதை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் அவள். ராத்திரி முழுக்க ஊரார் மூச்சை எண்ணுகிறவளுக்குத் தன் மூச்சு பிடிபடவில்லை.

“தூக்கம் கெட்டா பயம் வரும், பயம் வந்தா தூக்கம் கெடும். ஒண்ணுக்கொண்ணு தீனி போட்டுக்கும்மா,” என்றார் டாக்டர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்க்க, மார்பில் கட்டும் பட்டையும் சத்தத்தைப் பதியும் சின்னப் பெட்டியும் கொடுத்தனுப்பினார்.

“உன் குறட்டையைக் கேட்டா அந்தப் பெட்டியே பயந்து ஓடிடும்,” என்றான் கணவன். சிரித்தாள். சிரித்து நாளாகியிருந்தது.

மூன்று பகல் கட்டிக்கொண்டு தூங்கினாள்; தினமும் பணிக்குப் போகும் வழியில் பெட்டியைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தாள். நான்காம் நாள் காலை, பணி முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே பரிசோதனைக்கூடப் பெண் போனில் கூப்பிட்டாள்.

“சிஸ்டர், உங்களுக்கு மூச்சு நிக்கிறது உண்மைதான். ஆனா, பக்கத்துல யார் படுத்திருந்தாங்க?”

“யாருமில்லையே. அவர் கடையில இருப்பாரு.”

“உங்க மூச்சு நிக்கிறப்பல்லாம் இன்னொரு மூச்சு கேக்குது. நீங்க திரும்ப மூச்சு விட்டதும் அது நின்னுடுது.”

“மிஷின் கோளாறா இருக்கும்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். அதான் ரெண்டாவது நாள் வேற பெட்டி கொடுத்தோம். முதல் நாள் அது கொஞ்ச நேரந்தான் சிஸ்டர். நேத்து, உங்களைவிட அதுதான் அதிகமா மூச்சு விட்டிருக்கு.”

கணவனை அழைத்தாள். “உடனே வாங்க.”

“அரை மணியில வந்துடறேன். படுக்காதே.”

படுக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். ராத்திரி முழுக்க விழித்த கண் எரிந்தது. ஒரே ஒரு தடவை இமைத்தாள்.

திரைச்சீலை. வெயில் நூல்.

படுக்கையில் கிடந்தாள்.

எப்படி வந்தோம்? தெரியவில்லை. விரலை அசைத்துப் பார்த்தாள். வரவில்லை. கால் வரவில்லை. கண் மட்டும் உருண்டது.

பக்கத்தில் போர்வை மேடாக இருந்தது.

அது எழும்பியது. தணிந்தது. எழும்பியது.

அது எழும்பும்போதெல்லாம் இவள் நெஞ்சிலிருந்து காற்று போனது. திரும்பி வரவில்லை.

வாசலில் சாவி திரும்பியது.

“எங்கே இருக்கே?” கணவன் குரல்.

கத்த வேண்டும். உதடு அசையவில்லை. நெஞ்சும்.

போர்வைக்குள்ளிருந்து, அவள் குரலில், நிதானமாகப் பதில் போனது.

“இங்கதாங்க. இப்பத்தான் நல்லாத் தூங்கினேன்.”

போர்வை எழுந்து உட்கார்ந்தது.