மூத்தவளின் முகமூடி

ஐந்து நாட்களாகக் குழந்தை அழவில்லை.

முதலிரண்டு நாட்கள் சைலாவ் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கவனித்தபோது மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொண்டான். பிறந்து ஐந்து மாதங்கள் ஆகியும் மைரா தன் பெற்றோருக்கு ஓர் இரவைக்கூட முழுதாக விட்டுத்தந்ததில்லை. அவளுடைய அழுகை பனிக்கால வீட்டின் மண்சுவர்களில் மோதி, எரியும் வரட்டியின் புகையோடும் சுவரில் தொங்கிய ஓநாய்த் தோல்களின் பழைய கொழுப்பு வாடையோடும் கலந்து, அவனுடைய மூட்டுகளுக்குள் மணலைப் போல இறங்கிப் படிந்திருந்தது. குனிந்தால் அந்த மணல் நெறுநெறுத்தது. குதிரையின் மேல் உட்கார்ந்தபடியே அவன் தூங்கியிருக்கிறான். தேநீரில் உப்புப் போட மறந்தும், இரண்டு முறை போட்டும் குடித்திருக்கிறான்.

அமைதி அவனுக்குத் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் பத்து ஆண்டுகள் கழுகு வளர்த்தவனுக்கு அமைதியில் இரண்டு வகை உண்டென்று தெரியும். தூங்குகிற பறவையின் அமைதி தளர்ந்து கிடக்கும். கண்களை மறைக்கும் தோல் முகமூடி இட்ட பறவையின் அமைதி அப்படியன்று, அது கேட்டுக்கொண்டிருக்கும்.

அறையின் மூலையில் மரத்தொட்டில் இருந்தது. அதன் குறுக்குக் கம்பின் மீது, வழக்கப்படி, ஏழு துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தியிருந்தன. உள்ளே, கைகால்கள் அகலமான பட்டைகளால் கட்டப்பட்டு, கழிவு அடித்துளை வழியே கலத்தில் விழும்படி, இருட்டில் குழந்தை கிடந்தாள்.

"ஒருவாட்டி துணிய விலக்கிப் பாரேன், எப்படிக் கிடக்குறாள்னு" என்றான்.

அவன் மனைவி ஷினார் தேநீர்க் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். "அல்லாவே! தூங்குற புள்ளைய எழுப்பச் சொல்றீங்களா? அஞ்சு மாசம் கழிச்சு இப்பத்தான் என் தலைய நானே சீவுறேன்."

"பால் குடிக்கிறாளா?"

"குடிக்கிறா. தொட்டில் மேல குனிஞ்சு, துணிக்குள்ள விட்டே குடுத்துடுறேன். முன்ன மாதிரி இல்ல, கொஞ்சமாத்தான்." அவள் மார்புப் பக்கம் ஆடையைச் சரிசெய்துகொண்டாள். "ஆனா கடிக்கிறா. பல்லு வருது போல."

"அஞ்சு மாசத்துலயா?"

"உங்க குடும்பத்துல எல்லாருக்கும் வாய் சீக்கிரம் வந்துடும்" என்று சிரித்தாள். பிறகு, பக்கத்துச் சுவரோரம் வெறுமையாக நின்ற பறவைத் தாங்கியைப் பார்த்துச் சொன்னாள். "உங்க மூத்தவ போனதும் வீட்டுக்கே நிம்மதி வந்துடுச்சு. அவ கத்துவா, இவ பதிலுக்குக் கத்துவா. நடுவுல நான் ஒருத்தி."

கழுகை அவள் எப்போதும் மூத்தவள் என்றுதான் சொல்வாள். திருமணமாகி வந்த நாளிலிருந்து அது கேலி. ஆனால் முழுக்கக் கேலியென்றும் சொல்ல முடியாது. பெட்டைக் கழுகு. கூட்டிலிருந்து குஞ்சாக எடுத்து, தன் விரலால் இறைச்சி ஊட்டி சைலாவ் வளர்த்தது. கூட்டிலிருந்து எடுத்த பறவைக்கு ஒரு குறை உண்டு: வளர்த்தவனை அது தாயென்றே நம்பிவிடும். எத்தனை நரி பிடித்தாலும், எவ்வளவு வயதானாலும், அவனைக் கண்டால் குஞ்சைப் போல வாயைத் திறந்து இரைக்குக் கத்தும்.

நண்பகலில் கப்தில் வந்தான். ஷினாரின் அண்ணன், வட்டார வனவிலங்கு அலுவலகத்தில் ஆய்வாளர். பூட்ஸின் பனியை உதறிவிட்டு, அடுப்பருகே சாய்ந்தான்.

"என்ன மச்சான், மூத்த சம்சாரத்த வழியனுப்புனதுல இருந்து இப்படி இளைச்சுட்டீங்க?"

சைலாவ் எண் பொறித்த கால்வளையத்தை எடுத்து அவன் கையில் வைத்தான். காட்டிலிருந்து பிடித்த கழுகைப் பத்து ஆண்டுகளுக்குமேல் வைத்திருக்கக்கூடாது. பத்தாம் குளிர்காலத்துக்குள் அதை மலையில் விட்டுவிட்டு, வெட்டிய வளையத்தை ஒப்படைக்க வேண்டும். விடும்போது அலுவலர் ஒருவர் கூட இருந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த பறவைக்கு உரிமம் கிடையாது.

கப்தில் கூட இருக்கவில்லை. இடுப்புவலி என்று சொல்லியிருந்தான்.

"ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்னு எழுதிட்டேன்" என்று தாளை மடித்தான். "எப்படிப் பறந்துச்சுன்னு ஒருவாட்டி சொல்லிடுங்க. யாராவது கேட்டா நான் உளறக்கூடாது பாருங்க."

"பறந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

அடுப்பில் ஒரு வரட்டி உடைந்து சரிந்தது.

"வடக்க" என்றான் சைலாவ்.

"வடக்கு. நல்லது." கப்தில் எழுதிக்கொண்டான். "அந்த ஆட்டுக்கார மனாப் இருக்கான்ல, அவன் சந்தையில ஒரு கதை சொல்லிட்டுத் திரியுறான். போன வாரம், பனி விழுந்ததுக்கு மறுநாளாம். ஆத்து வளைவுல ஒரு கழுகு நடந்து போச்சாம்."

"நடந்தா?"

"நடந்துதான். கோழி மாதிரி. பறக்கல. கிட்டப் போய்ப் பார்த்தா அதுக்கு முகமே இல்லன்னு அடிச்சுச் சொல்றான். குடிகாரப் பய! அவன் குதிரைக்கே அவன் முகம் அடையாளம் தெரியாது." கப்தில் தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். "ஏன்டி ஷினார், எங்க என் மருமக? சத்தத்தையே காணோம்?"

"தூங்குறா. வாய மூடு" என்றாள் ஷினார்.

சைலாவ் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

போன வாரம் மலையில் அவன் செய்தது இதுதான். வளர்த்தவன் விட்டுப்போவதைப் பறவை பார்த்துவிட்டால் பின்னாலேயே வந்துவிடும்; ஆகவே கழுகு வளர்ப்பவர்கள் தூரத்து மலைக்கு முகமூடியோடு கொண்டுபோய், ஓர் ஆட்டை அறுத்து, முகமூடியைக் கழற்றி அதைத் தின்ன விட்டு, மறைந்திருந்து, அது தானாக எழுந்து பறக்கும்வரை காத்திருப்பார்கள். இரவானாலும் காத்திருப்பார்கள். சைலாவிடம் ஓர் இரவு இல்லை. மேற்கில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் கெடு முடிகிறது. அவனுடைய கண்ணிமைகள் தோலின் கனமல்ல, ஈயத்தின் கனம். கரும்பாறையின் மேல் அவளை இறக்கிவிட்டு, ஓர் ஆட்டுத்தொடையைக் காலடியில் வைத்தான். முகமூடியின் உச்சியிலிருந்த சிவப்புக் குஞ்சத்தில் நீண்ட நூலைக் கட்டி, நாற்பது அடி தள்ளிப்போய், வேறொரு பாறைக்குப் பின்னால் குந்தியபடி இழுத்தான்.

நூல் இளகி வந்தது. முடிந்தது என்று நினைத்தான். நூலின் நுனியில் குஞ்சம் மட்டும் இருந்தது.

அந்த முகமூடித் தோலைத் தைத்ததும் அவன்தான். காற்றுக்கு அஞ்சி அன்று பின்முடிச்சை இரட்டையாக இறுக்கியதும் அவன்தான். பாறையின் மேலிருந்து கண்ணில்லாத அந்தத் தலை அவன் இருந்த பக்கம் திரும்பியது. வாய் திறந்தது. குஞ்சின் குரலில் கத்தினாள். நாற்பது அடிதான். எழுந்து நடந்திருக்கலாம். முடிச்சை அவிழ்க்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அவிழ்த்தால் அவள் அவனைப் பார்ப்பாள். பார்த்தால் பின்னால் வருவாள். எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். காலால் சுரண்டி அவளே கழற்றிக்கொள்வாள் என்று வாய்விட்டே சொன்னான். சொல்லிக்கொண்டே குதிரையில் ஏறினான்.

குளம்பொலி கேட்கக் கேட்க அவள் கத்தினாள். மலைமுடுக்கு திரும்பியதும் கத்துவது நின்றது. அப்போது அவனுக்கு நிம்மதியாகவே இருந்தது.

கப்தில் போன பிறகும் வெளிச்சம் மிச்சமிருந்தது. இப்போதே கிளம்பினால் இருட்டுவதற்குள் ஆற்று வளைவை எட்டிவிடலாம் என்று சைலாவுக்குத் தெரிந்திருந்தது. அவன் அடுப்பருகே உட்கார்ந்தே இருந்தான். நாளைக்கு, என்றான். உடம்பு அதை உடனே ஒப்புக்கொண்டது.

மாலையில் ஷினார் பெருக்கும்போது தொட்டிலுக்கடியிலிருந்து எதையோ துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"போயும் உங்க மூத்தவ குப்பைய விட்டுட்டுப் போயிருக்கா பாருங்க."

கட்டைவிரலளவு சாம்பல்நிற உருண்டை. செரிக்காத மயிரையும் எலும்பையும் கழுகு காலையில் கக்குமே, அது. இந்த வீட்டில் ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். சைலாவ் குனிந்து எடுத்தான்.

ஈரமாக இருந்தது.

விரலால் பிளந்தான். நரி மயிர் இல்லை. முயல் மயிர் இல்லை. வெள்ளாட்டுக் கம்பளி நூல், நீலம். தொட்டில் மெத்தையின் நீலம்.

"தூக்கிப் போடுங்க அந்தக் கருமத்த" என்றாள் ஷினார், அங்கிருந்தே. அவன் போட்டான். தொட்டிலை நோக்கி இரண்டடி வைத்தான். ஏழு துணிகளும் அசைவற்றுத் தொங்கின. உள்ளேயிருந்து மூச்சுக் கேட்டது. குழந்தையின் மூச்சுதான், சீரானது, சூடானது. அவனுடைய காலடி நின்றபோது மூச்சும் நின்றது. அவன் காத்திருந்தான். அதுவும் காத்திருந்தது.

அவன் பின்வாங்கினான். மூச்சு மறுபடி தொடங்கியது.

காலையில் முயல்தொடை ஒன்றை மேலங்கிப் பையில் திணித்துக்கொண்டு புறப்பட்டான். அவளைக் கண்டுபிடித்து, முடிச்சை அவிழ்த்து, வயிறு நிறையக் கொடுத்து, எல்லாவற்றையும் நேராக்கிவிட வேண்டும். அப்போது வீட்டில் என்ன கோணியிருக்கிறதோ அதுவும் நேராகிவிடும் என்று, காரணம் கேட்டுக்கொள்ளாமல், நம்பினான். பையின் மறுமூலையில் சிவப்புக் குஞ்சம் கிடந்தது. அதை எறிய அவனுக்கு மனம் வந்ததில்லை.

ஆற்று வளைவில் காற்றடித்து இறுகிய பனியில் ஒரு வாரத்துக்கு முந்தைய தடங்கள் அச்சுப்போல நின்றன. அவனுடைய குதிரையின் குளம்புகள், வீட்டை நோக்கி. ஒவ்வொரு குளம்புக் குழிக்குள்ளும், நடுவில், மூன்று விரல் முன்னும் ஒன்று பின்னுமாக ஒரு கால். இரு பக்கமும் சிறகு இழுபட்ட கோடு. அவள் குழியிலிருந்து குழிக்குத் தடவித் தடவி நடந்திருந்தாள். சில இடங்களில் விழுந்திருந்தாள். விழுந்த இடத்தில் பனி கொத்தப்பட்டிருந்தது.

மலைப்பக்கம் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவன் குதிரையைத் திருப்பினான்.

உறைந்த ஆற்றின் மேல். புதர்கள். பழைய பட்டியின் சுவர். ஒரு குழியைக்கூட அவள் தவறவிடவில்லை. வானம் தெளிந்து வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தியது. அவன் கண்களைச் சுருக்கி, பாதி குருடனாக, தன் தடத்தைத் தானே தொடர்ந்தான். முற்றம். கொட்டில். கொட்டிலில் குளம்புகள் நின்றுவிட்டன. மற்றத் தடம் நிற்கவில்லை. அங்கிருந்து அவனுடைய சொந்தக் காலடிகளுக்குள் இறங்கி நடந்தது.

வாசல்வரை.

திரும்பி வந்த தடம் இல்லை.

உள்ளே சூடு. வரட்டிப் புகை. ஷினார் அடுப்பருகே படுக்கையில், வாய் லேசாகத் திறந்து, ஐந்து மாதத் தூக்கத்தைத் தூங்கிக்கொண்டிருந்தாள். சன்னல் வழியே விழுந்த நடுப்பகல் வெளிச்சத்தில் தொட்டில் முழுதாகத் தெரிந்தது. நிழலே இல்லை.

முதல் துணியை எடுத்தான். இரண்டாவது. மூன்றாவது ஆட்டுத்தோல், கனமாக இருந்தது. நான்காவது. உள்ளே மூச்சு நின்றது. ஐந்தாவது. அவனுடைய கை நடுங்கவில்லை. நடுங்கவும் தெம்பு வேண்டும். ஆறாவது.

ஏழாவது.

மைரா கிடந்தாள். பட்டைகள் கட்டியபடியே இருந்தன. கைகள், வயிறு, நீலமெத்தையின் கிழிந்த ஓரம். கன்னத்தில் பால் காய்ந்த கோடு.

கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் தோல்.

அவன் தைத்த தோல். அவன் போட்ட இரட்டை முடிச்சு. உச்சியில், குஞ்சம் பிய்ந்த இடத்தில், ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முகமூடியின் அளவு அவனுக்குத் தெரியும். ஒரு மூடிய கைப்பிடி அளவுதான். குழந்தையின் தலைக்கு அது போதாது.

பொருந்தியிருந்தது.

தலை அசைந்தது. ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. அவனுடைய மேலங்கிப் பையை நோக்கித் திரும்பி நின்றது. பிறகு வாய் திறந்தது, அகலமாக, இன்னும் அகலமாக, சிவப்பாக. மிக மெல்லிய குரலில், பத்து ஆண்டுகளாக அவன் ஒவ்வொரு நாளும் கேட்ட குரலில், இரைக்குக் கத்தினாள்.

படுக்கையில் ஷினார் புரண்டாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"என்னங்க... அழுவுறாளா?"

"இல்ல" என்றான் சைலாவ். "நீ தூங்கு."

அவனுடைய கை பைக்குள் போயிருந்தது. அவன் போகச் சொல்லவில்லை. அதற்கு வழி தெரியும். முயல்தொடையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, விரல்நுனியில் பிடித்து, தொட்டிலுக்குள் நீட்டினான்.