யாரும் படுக்காத தொட்டில்

உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, தொட்டிலின் மேல்சட்டத்தில் பழைய பெயின்டுக்கு அடியிலிருந்து பல் தடங்கள் வெளியே வந்தன. அரிசிமணி அளவில், வரிசையாகக் குழிகள். யாரோ மரத்தூளைப் பசையில் குழைத்து அவற்றை அடைத்திருந்தார்கள். நல்ல கைவேலை. மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுவது அவளுக்குத் தொழில் என்பதால் மட்டும்தான் கண்ணில் பட்டது.

பழைய சாமான் கடைக்காரன் சொன்னது நினைவுக்கு வந்தது. "நம்பி எடுத்துட்டுப் போங்கம்மா. இதுல ஒரு பிள்ளைகூடப் படுத்ததில்ல."

"அப்ப இதை யாரு கடிச்சா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"கடைக்காரனுக்குப் பசிச்சிருக்கும்," என்றான் அவன். "அடைச்சுப் பூசு. நம்ம பிள்ளை வந்து புதுசா கடிக்கட்டும்."

சிரித்தாள். எட்டு மாத வயிற்றைச் சட்டத்தில் சாய்த்துக்கொண்டால்தான் அவளால் எட்டி வேலை செய்ய முடிந்தது. அப்படியே சாய்ந்து நின்று ஒவ்வொரு குழியாக அடைத்தாள். சாயங்காலமானால் வயிற்றுக்குள் பிள்ளைக்கு விக்கல் வரும்; அன்றும் வந்தது. கணவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஐயாவுக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு," என்றான். முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் சத்தமில்லாமல் உள்ளேயே அடங்கிப்போனது. அதனால் இந்த விக்கலை உணர்ந்தால்தான் அவளுக்கு அன்றைய உயிர் வந்தது.

மறுநாள் குழிகள் திறந்திருந்தன. அடைத்த தூள் தொட்டிலுக்கு உள்பக்கம் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். ஈரம். பெயின்ட் வாடையை மீறிக்கொண்டு, திரிந்த பாலின் புளிப்பு அறையில் லேசாக நின்றது. பசை காயவில்லை, மழைக்காலம் வேறு, என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி அடைத்தாள். இந்தத் தடவை மேலே இரண்டு பூச்சு வெள்ளை.

பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு மாலையில் கணவன் புது மெத்தையைப் போட்டுவிட்டு, அலமாரிக்குக் கைப்பிடி வாங்கக் கிளம்பினான். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. மெத்தைமேல் மஞ்சள் விரிப்பைப் போட்டு, மூலையைச் செருகுவதற்காக வழக்கம்போல் வயிற்றைச் சட்டத்தில் சாய்த்துக் குனிந்தாள். உள்ளே விக்கல் ஆரம்பித்திருந்தது.

சுருக்கென்று ஏதோ கடித்தது.

எறும்பு என்று நினைத்துத் துணியை விலக்கினாள். தொப்புளுக்குக் கீழே, அரிசிமணி அளவில், வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். சட்டத்தைப் பார்த்தாள். வெள்ளைப் பூச்சு உரிந்து, குழிகள் எல்லாம் திறந்திருந்தன.

விக்கல் நின்றிருந்தது.

கூடத்துக்கு வந்து இடப்பக்கமாகப் படுத்தாள். சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள். வயிற்றை மெல்லத் தட்டினாள். "கண்ணு, அம்மாடா. ஒரு உதை விடு. ஒண்ணே ஒண்ணு." வயிறு கல்லாகக் கிடந்தது. முன்பு ஒருமுறை இப்படிக் கிடந்திருக்கிறது. அந்தக் கனம் அவளுக்குத் தெரியும்.

கணவனை போனில் அழைத்தாள். "பிள்ளை அசையல," என்றாள்.

"பயப்படாத. இதோ வந்துட்டேன். விக்கல் வருதா பாரு."

வந்தது.

அவளிடமிருந்து அல்ல. அறைக்குள்ளிருந்து.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசல்வரை போனாள். புளித்த பால் வாடை. தொட்டிலில் யாரும் இல்லை. கடைக்காரன் பொய் சொல்லவில்லை. இதில் படுக்கவேண்டிய எந்தப் பிள்ளையும் இதுவரை வந்து சேர்ந்திருக்காது.

மஞ்சள் விரிப்பின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம். வயிறு நிறைந்த பிள்ளைக்கு வருவதுபோல் ஒரு விக்கல். பள்ளம் குலுங்கியது.

இன்னொன்று.