சாரம் பிரித்த பிறகு

காலை 10.10. காவல் நிலையத்தில் ஏட்டின் மேசைமேல் இரண்டு செல்போன்கள். இரண்டிலும் ஒரே கவிதை. எழுதியவர் பெயர் மட்டும் வேறு வேறு.

ஒரு போன் சித்தாள் வேலை செய்யும் அம்மாளுடையது. கவிதையை அவள் ஓர் இணைய இதழுக்கு அனுப்பியது நான்காம் தேதி. மற்றது டைப்படிக்கும் கடைக்காரருடையது. அவர் தன் முகநூலில் போட்டது மூன்றாம் தேதி. ‘என் கவிதையைத் திருடிவிட்டாள்’ என்று இதழுக்கும் எழுதிவிட்டார். பன்னிரண்டு மணிக்குள் விளக்கம் வராவிட்டால் அவளைத் திருடி என்று இதழில் அறிவித்துவிடுவார்கள்.

ஏட்டு கவிதையைப் படித்தார். மூன்றே வரி.

எல்லாரும் கை கழுவிவிட்டார்கள்.
சாரம் பிரித்துவிட்டார்கள்.
நீ மட்டும் இன்னும் இறங்கவில்லை.

கடைக்காரரின் பதிவில் கவிதைக்குக் கீழே ஒரு படம்: பிழிந்துபோட்ட பழத்தோல், பக்கத்தில் ஒரு தம்ளர் சாறு.

“தேதியே சொல்லுதே சார், இன்னும் என்ன?” என்றார் பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள்.

ஏட்டு அவள் பக்கம் திரும்பினார். “நீங்க எழுதின தாள் எங்கம்மா?”

“இவர்ட்டதான் டைப்படிக்கக் குடுத்தேங்கய்யா. எழுத்துப்பிழை இருந்தா சிரிப்பாங்களேன்னு பயம். திருப்பிக் கேட்டா தொலஞ்சிடுச்சுன்னுட்டார்.”

“தாளெல்லாம் எதுவும் தரல சார்” என்றார் கடைக்காரர். “இந்தம்மா போன வருஷந்தான் அ, ஆவே படிச்சுது. அதுக்குள்ள கவிதையாம்.”

10.35. ஏட்டு அவளை வெளியே உட்காரச் சொன்னார்.

“நல்லாருக்கு கடைக்காரரே கவிதை. யாரைப் பத்தி?”

“பழைய காதல் சார். எல்லாத்தையும் முழுங்கிட்டேன். அவ நினைப்பு மட்டும் தொண்டையில எறங்கல.”

“படம்?”

“நானே தேடிப் போட்டது.”

10.50. இப்போது கடைக்காரர் வெளியே, அவள் உள்ளே.

“யாரைப் பத்திம்மா?”

அவள் காய்த்துப்போன உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வீட்டுக்காரர். ஏழாவது மாடி. மறுநாளே சாரத்தைப் பிரிச்சிட்டாங்க.”

“விழுந்துட்டாரே. எறங்கலன்னு ஏன் எழுதினீங்க?”

“சாயங்காலமானா எல்லாரும் எறங்கி வந்து கை கழுவுவாங்க. நான் வாளியில தண்ணி வச்சிக்கிட்டு நிப்பேன். அவருதான் கடைசியா எறங்குவாரு.”

11.15. ஏட்டு இருவரையும் எதிரே நிறுத்தினார்.

“சாரம்னா என்ன, கடைக்காரரே?”

“சாறு சார். சத்து.”

“அதுவும்தான். உசரத்துல நின்னு பூச்சு வேலை பார்க்கக் கம்பு கட்டுவாங்களே, அதுக்கும் சாரம்னுதான் பேரு. இந்தம்மா எழுதினது அது. தேதியை ஆளாளுக்குப் பார்த்தோம், படத்தை ஒருத்தரும் பார்க்கல. எழுதினவருக்கு எதைப் பத்தி எழுதினோம்னு தெரியாதா? திருடினது நீங்க.”

கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். “நானூறு பேர் பாராட்டினாங்க சார். அப்புறம் எப்படி இல்லைங்கிறது?” கான்ஸ்டபிள் போய்ப் பார்த்தபோது தாள் கடை மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

“இனிமே யார்ட்ட குடுக்கறதுக்கு முன்னாடியும் தாளைப் போட்டோ எடுத்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக்குங்கம்மா” என்றார் ஏட்டு. “தேதி சாட்சி சொல்லும்.”

11.50. ஏட்டு அனுப்பிய விளக்கத்துக்கு இதழிலிருந்து மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. கவிதை அவள் பெயரிலேயே இருக்கும் என்றார்கள். அவள் படியிறங்கும்போது போன் மறுபடி அதிர்ந்தது. வீட்டுக்காரரின் தங்கை. அதே மூன்று வரி, அடியில் யார் பெயரும் இல்லாமல்.

‘அண்ணி, யார் எழுதினதோ தெரியல. படிச்சதும் அண்ணன் ஞாபகம் வந்துடுச்சு.’

வெயிலில் நின்று, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அவள் பதில் எழுதத் தொடங்கினாள்.